சாயக்கை அண்ணாச்சி அச்சடித்த கல்யாணக் கடுதாசி

தாமிரபரணி பாய்கிற சீமையில் சாயக்கை அண்ணாச்சியைப் போல் உபயோகமற்ற மனிதர் இன்னொருவர் பிறந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சோம்பேறிகள் எந்த ஊரிலும் உண்டு. அவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அண்ணாச்சி சோம்பேறி அல்ல. விடிந்தது முதல் விளக்கு வைக்கிற வரை ஓயாமல் உழைத்தார். அதுதான் எங்கள் தெருவுக்கு வந்த வினை.

வண்ணார்பேட்டையில் எங்களுக்கு அடுத்த வீடு. பிள்ளைகுட்டி கிடையாது. வயலில் விளைவது வருஷச் சாப்பாட்டுக்குப் போதும். சும்மா இருந்த மனிதர் எங்கோ ஒரு துரை பங்களாவில், இலையை மையில் தோய்த்துக் காகிதத்தில் ஒற்றிக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று பிடித்தது பைத்தியம். கடுக்காய், பசலைப் பழம், அவுரி, பவழமல்லிக் காம்பு என்று கண்டதையெல்லாம் இடித்துச் சாறு எடுத்தார். முழங்கை வரைக்கும் மூன்று நிறம் ஏறி, தேய்த்தாலும் போகாமல் நின்றுவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அதற்கப்புறம் அவருக்கே ஞாபகம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

இலையோடு நிறுத்தினாரா என்றால் அதுவும் இல்லை. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் என்று கண்டுபிடித்தார். பாகற்காய் சக்கரமாம், வாழைத்தண்டு நிலவாம். ஒற்றி முடித்த காயை வீணாக்கலாமா? கழுவி அடுப்படிக்கே திருப்பி அனுப்பிவிடுவார். அந்த வீட்டு அவியல் ஊதா நிறத்தில் இருக்கும். அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன்.

"இன்னைக்கு என்ன கறி மதினி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"என்ன நெறம்னு கேளுங்க தம்பி, சொல்லுதேன். என்ன கறின்னு தின்னு பாத்தாத்தான் தெரியும்" என்றாள் அந்தப் புண்ணியவதி.

அச்சுக்கு அழுத்தம் வேண்டும் அல்லவா? யந்திரம் வாங்க வக்கில்லை. சாயம் தோய்த்த இலைமேல் காகிதம் வைத்து, அதன்மேல் மணைப்பலகையைப் போட்டு, வீட்டுக்கு வருகிறவர்களை அதில் உட்காரச் சொல்லிவிடுவார். எடை பார்த்துத்தான் மரியாதை. தாலுக்கா கச்சேரியில் பருத்த குமாஸ்தா ஒருவர் இருந்தார். அவரைத் தெருக்கோடியில் கண்டால் போதும், "வாங்கய்யா, வாங்க, உக்காருங்க, அசையாதீங்க" என்று அண்ணாச்சி ஓடுவார். குமாஸ்தா தமக்கு ஊரில் இவ்வளவு மதிப்பா என்று பூரித்துப்போய் ஒரு நாழிகை உட்கார்ந்திருப்பார். அவர் எழுந்ததும் அண்ணாச்சி அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் பலகையைத்தான் தூக்குவார். நான் அப்போது ஒட்டடைக் குச்சி மாதிரி இருந்தேன். எனக்கு அந்த வீட்டில் ஒரு நாளும் பலகை கிடைத்ததில்லை.

இப்படிப்பட்டவரை என் கல்யாணத்தில் நுழைய விட்டது என் தகப்பனார் செய்த பிழை.

எனக்குப் பெண் பேசியிருந்தது ராதாபுரத்தில். பெண்ணை ஒரே தடவைதான் பார்த்தேன். இவள் கிடைக்காவிட்டால் குற்றாலத்தில் போய்ச் சாமியாராக உட்கார்ந்துவிடுவது என்று அந்த ஒரு தடவையிலேயே தீர்மானம் பண்ணிவிட்டேன். ஒரே ஒரு முட்டுக்கட்டை, பெண்ணின் பெரியப்பா. நிலமெல்லாம் கூட்டுக் குடும்பத்தில் அவர் கையில். அந்தக் கையில் ஆள்காட்டி விரல் பாதிதான், சிறு வயதில் வெடி வெடித்துப் போனது. பெண்ணைத் தம் மைத்துனனுக்குக் கொடுக்க நினைத்திருந்தவர், கல்யாணத்தைக் கலைக்க ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தார்.

அச்சாபீஸிலிருந்து நூறு கல்யாணக் கடுதாசி வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவ வேண்டும். "எங்கிட்ட தாங்க, ஒரு நாள்ல தடவித் தாரேன்" என்று அண்ணாச்சி வாங்கிப் போனார். மறுநாள் கொண்டுவந்ததைப் பார்த்து அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நூறு கடுதாசியும் முழுசாக மஞ்சளில் முக்கி எடுத்திருந்தது. போதாதென்று ஒவ்வொன்றிலும் சுற்றிவர வேப்பிலை அச்சு!

"ஏம்வே, நாலு மூலையிலதான தடவச் சொன்னேன்?"

"மூலையில மட்டும் தடவுனா நடுவுல வெறிச்சுனு இருக்கும்லா?"

"வேப்பிலை எதுக்குவே? கல்யாணமா, அம்மன் கோயில் கொடையா?"

"அந்த எலைக்குத்தான் ஓரம் அழகா விழுது" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

மறுபடி அச்சடிக்க நாள் இல்லை. பெரியப்பாவை அழைக்க அப்பா வண்டி கட்டியபோது, "நீரும் வாரும்வே, வசவு விழுந்தா நீரே வாங்கிக்கிடும்" என்று அண்ணாச்சியையும் ஏற்றிக்கொண்டு போனார். பெரியப்பா உள்ளங்கையில் புகையிலையும் சுண்ணாம்பும் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தாராம். வாயில் போட்டுக்கொண்டு, தட்டிலிருந்த கடுதாசியை எடுத்துப் பார்த்தார்.

"என்னவே இது, காயிதத்துக்குக் காமாலையா? கொடைக்கு வரி பிரிக்க வந்தேரா?" என்று அதைத் தட்டிலேயே ஓங்கி அறைந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்பாவுக்கு அவமானம் தாங்கவில்லை. வழியெல்லாம் அண்ணாச்சியைத் திட்டிக்கொண்டே வந்தார். அண்ணாச்சி காதில் ஒரு சொல்லும் ஏறவில்லை. அந்தக் கடுதாசியை மடியில் விரித்து வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்புக் கை பட்ட இடமெல்லாம் மஞ்சள் சிவந்து போயிருந்தது. ஆரத்தி கரைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த சங்கதி. இவர் என்னவோ தாம்தான் உலகத்திலேயே முதலில் கண்ட மாதிரி குதித்தார்.

முகூர்த்தத்தன்று காலையில் மாலையும் கழுத்துமாக ராதாபுரத்துப் பந்தலில் நிற்கிறேன். பெரியப்பா வாசலை மறித்துக்கொண்டார்.

"மாப்ளை வீட்டுக்காரன் ஒருத்தன் எம் வாசலை மிதிக்கலை. ஒரு கடுதாசியை எங் கையால தொட்டது கெடையாது. என்னைய மதிக்காத எடத்துல எந் தம்பி மக கழுத்துல தாலி ஏறாது."

"வந்து அழைச்சோமே!" என்று அப்பா கத்தினார்.

"எவன் பாத்தான்வே?"

அவர் ஊர், அவர் ஜனம். எங்களுக்கு யார் சாட்சி சொல்வார்கள்? பெண்ணின் தகப்பனார் தரையைப் பார்த்தார். மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். குற்றாலத்துக்கு வழி எது என்றுகூட நான் யோசித்துவிட்டேன்.

அப்போது கூட்டத்தை இடித்துக்கொண்டு அண்ணாச்சி வந்தார். நடக்கிற சண்டை எதுவும் அவருக்குத் தெரியாது. சமையல் கொட்டகையில் பூசணிக்காயை வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், பெரியப்பா குரலைக் கேட்டு ஓடிவந்தார்.

"பெரியவுகளே, ஒங்களைத்தான் தேடுதேன்! அன்னைக்கு இந்தக் கடுதாசியில வச்சீங்களே ஒரு கை, என்ன ஜோரா விழுந்திருக்கு பாருங்க!" என்று மடியிலிருந்த காகிதத்தை எல்லார் முன்னாலும் விரித்தார். "ஒரு விரல்தான் பாதியோட நின்னுபோச்சு. சரியா அழுத்தலை போல. இன்னொரு மட்டம் பைய வையுங்க, சுண்ணாம்பு கொண்டாந்திருக்கேன்."

கூட்டம் காகிதத்தைப் பார்த்தது. பிறகு பெரியப்பாவின் கையைப் பார்த்தது. அவர் கையை வேட்டிக்குள் ஒளித்தார். யாரோ ஒரு கிழவி சிரிக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான், பந்தலே சிரித்தது. "வந்திருப்பாக… எனக்கு மறந்திருக்கும்" என்று முனகிக்கொண்டு பெரியப்பா ஒதுங்கினார். மேளம் முழங்கிற்று.

இதை அண்ணாச்சியின் சாமர்த்தியம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். "கை வைக்காமப் போறாரே!" என்று அவர் முகூர்த்தம் முடிகிற வரை புலம்பிக்கொண்டிருந்தார். அந்த விரல் உண்மையிலேயே பாதிதான் என்று சாப்பாட்டுப் பந்தியில் ஒருவர் விளக்கிச் சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது.

சாப்பாடு ஆனதும் ஒரு மஞ்சள் காகிதத்தோடு எங்களிடம் வந்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் சுண்ணாம்புக் கை வைக்க வேண்டுமாம். அவள் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். நான் புது மாப்பிள்ளை முறுக்கில், "வேற வேலை இல்லையா அண்ணாச்சி?" என்று நாலு பேர் முன்னால் கடிந்தேன். அவர் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அப்புறம் ஏழெட்டு வருஷம், பொங்கலுக்குப் பொங்கல் அதைத் தூக்கிக்கொண்டு வருவார். "ஏலே, ஒன் எடம் அப்படியே கெடக்குலே. இப்பமாவது வையேன்" என்பார். நானும் விடாமல் ஏசி அனுப்புவேன். ஒரு ஐப்பசி மழையில் ஆற்றங்கரையில் இலை பறிக்கப் போய் நனைந்து, காய்ச்சல் கண்டு, நான்கே நாளில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மதினியிடம் அந்தக் காகிதத்தைக் கேட்டேன். உள்ளே போய் எடுத்துவந்தாள். என் மனைவியின் கை அச்சு பழுப்பேறியிருந்தது, பக்கத்தில் எனக்கு விட்ட இடம். சுண்ணாம்பைக் குழைத்துக் கை வைத்தேன். விரல்கள் இழுபட்டு, கோணல்மாணலாக விழுந்தது. அவர் இருந்தால் "பைய வையிலே, பைய" என்று திட்டியிருப்பார். திட்டட்டும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.