குழல்சாமி எடுத்த இடுமருந்து

தாராவியில் ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு இடத்தில் கூட்டம்: மட்டன் கடையிலும் குழல்சாமி வாசலிலும். மட்டன் கடையிலாவது எடை போட்டுப் பார்ப்பார்கள்.

சோற்றில் யாரோ வைத்துக் கொடுத்த இடுமருந்தைச் செம்புக் குழலால் உறிஞ்சித் தட்டில் துப்புவது சாமியின் வித்தை. பெண்களைத் தொடமாட்டார். அவர்கள் திரைக்குள் போய்த் தலைமுதல் கால்வரை போர்த்திப் படுக்க வேண்டும். சாமி கண்ணை மூடியபடி வந்து போர்வைமேல் குழலை வைப்பார். அவ்வளவு ஒழுக்கம்! ஆண்டாப் ஹில்லிலிருந்தெல்லாம் ஜனம் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது.

தோல்பட்டறை மாரிக்கண்ணனும் போட்டுக்கொண்டான். அவன் அம்மா முத்துப்பேச்சி முன்பு டிபிக்கு மாத்திரை தின்று குணமானவள். இப்போது மறுபடி ஓயாத இருமல். சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் கபத்தைச் சோதித்துச் சொன்னார்: "இது டிபி இல்லை, அதுக்கு ஒன்றுவிட்ட தம்பி. தண்ணியிலும் மண்ணிலும் எங்கும் இருக்கிற கிருமி. எல்லாரையும் ஒன்றும் செய்யாது. பழைய டிபி அரித்த நுரையீரல் கிடைத்தால் குடியேறிவிடும். பலபேர் டிபின்னே நினைத்துவிடுவதால் எத்தனை பேருக்கு இருக்குன்னு சரியான கணக்குகூட இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் மருந்து சாப்பிடணும்."

நீளமான பதில். சாமியின் பதில் குட்டை: "வீட்டுக்கு வந்த பொண்ணு வச்ச மருந்து. அவள பொறந்த வீட்டுக்கு அனுப்பு. மாத்திரைய நிறுத்து."

வீட்டுக்கு வந்த பெண் அவன் மனைவி ஷாலினி ஒருத்திதான். மாரிக்கண்ணன் பிள்ளையாக இருப்பதா, புருஷனாக இருப்பதா என்று யோசித்து, வழக்கம்போல் யோசிப்பதையே நிறுத்திக்கொண்டான். மாத்திரையையும் நிறுத்தினான். அடுத்த ஞாயிறு அம்மாவையும், சூட்கேஸோடு மனைவியையும் சாமி வாசலுக்கு அழைத்து வந்தான். மருந்து எடுத்ததும் ஷாலினி நேரே ஸ்டேஷன்.

"ஏல, அவ ஆக்குன மீனைத்தான நீயும் தின்ன? ஒனக்கு இருமலக் காணோம்?" என்றாள் முத்துப்பேச்சி.

"சாமி சொன்னா சரியாத்தாம்மா இருக்கும். பேசாமப் போய்ப் படு."

"படுக்கேன். அந்தப் பெட்டியக் குடு, தலைக்கு வச்சுக்கிடுதேன்."

சற்று நேரத்தில் உள்ளிருந்து "ஆச்சு சாமி!" என்று அவள் குரல் வந்தது. திரை விலகியது. சாமி குழலை வைத்தார். 'டொக்' என்றது. நெஞ்செலும்பு என்று நினைத்திருப்பார். உறிஞ்சினார். தட்டில் கன்னங்கரேல் உருண்டை!

"மருமக வச்சது! இனி இந்தம்மா இருமவே மாட்டா!"

திரைக்குள் இருந்த பின்கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் இருமல் கேட்டது. முத்துப்பேச்சி மூச்சு வாங்க வந்து போர்வையை இழுத்தாள். பாயில் சூட்கேஸ் படுத்திருந்தது.

"சாமி, பெட்டிக்கு மருந்து வச்சது எந்த மருமவ?"

வரிசையில் நின்ற பேகம் கத்தினாள்: "அரே, அந்தாளு வாயத் தொறந்து பாருங்கப்பா!"

நாலுபேர் திறந்தார்கள். கடைவாயில் அடுத்த நோயாளிகளுக்கான உருண்டைகள் இரண்டு பொறுமையாகக் காத்திருந்தன.

"அத்தை, நான் ஸ்டேஷனுக்குப் போகவா?" என்றாள் ஷாலினி. கண் நிறைந்திருந்தது.

"சயானுக்கு வா தாயி, மாத்திர வாங்கணும். ஏல மாரி, நீயும் வா. நிறுத்துனதுக்கு டாக்டர்ட்ட ஏச்சு வாங்க ஒரு ஆள் வேணும்லா?"

ஐயா, அம்மா! இருமல் நிற்காவிட்டால் கபத்தைச் சோதிக்கக் கொடுங்கள். சாமியார் வந்தால், நீங்கள் வாயைப் பிளக்கும்முன் அவரைப் பிளக்கச் சொல்லுங்கள்.