நானூறு ஜன்னல் கப்பலும் ஆறு மணி ஜெபமும்

இனிமேல் தினமும் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஏழரை வரை மாடியறையில் தனி ஜெபம் என்று கனகதாஸ் அறிவித்தபோது, அவர் மனைவி விமலகுமாரி தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். திருவுவதை நிறுத்தவில்லை.

"தனியாட்டா?"

"தனியாட்டாக்கும். கதவைப் பூட்டிக்கிட்டு. ஒருத்தரும் வந்து தட்டப்பிடாது."

"ஜெபத்துல இருக்கிற ஆளைத் தட்ட எனக்கென்ன கிறுக்கா?"

இவ்வளவு லேசில் காரியம் முடியும் என்று மனுஷன் எதிர்பார்க்கவில்லை. அஞ்சு கேள்வி வரும் என்று அஞ்சு பதிலை யோசித்துக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஒன்றும் தேவைப்படவில்லை.

கனகதாசுக்கு ஐம்பத்துநாலு வயது. பாறசாலை ஜங்ஷனில் பல் செட்டு செய்கிற கடை. நெய்யாற்றின்கரை முதல் பூவார் வரைக்கும் கல்யாண வீடுகளில் எலும்பு கடிக்கிற பெரியவர்களில் பாதிப்பேர் வாயில் இருப்பது அவர் கைவேலைதான். அந்தக் கைக்கு ஒரு கிறுக்கு உண்டு. விண்வெளிக் கப்பல். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போகிற, உலகத்தில் எவனும் இன்னும் கட்டாத கப்பலுக்கு, பெட்டியில் துண்டு துண்டாக வருகிற சின்ன மாதிரி.

போன வருஷம் ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கட்டினார். பெயிண்டுக்கு ஊற்றிய தின்னர், பக்கத்தில் மூடாமல் இருந்த பொழியூர் நெத்தோலிக் குழம்பில் போய் இறங்கியது. விமலகுமாரி ஒரு வாய் வைத்தாள். அன்று குடும்ப ஜெபத்தில், இனி இந்த வீட்டில் கப்பல் கட்டமாட்டேன் என்று கர்த்தர் முன்னால் வாக்கு வாங்கிவிட்டாள். அவள் அதியன்னூர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். வாக்கு வாங்குவது அவளுக்குப் பழக்கமான வேலை.

பாவம், மனுஷன் பதினொரு மாதம் தாங்கினார். பிறகு கடை விலாசத்துக்கு ஒரு பெட்டி வந்தது. எண்ணூற்று நாற்பது துண்டு. கட்டி முடித்தால் முக்கால் மீட்டர் நீளம். பக்கவாட்டில் நானூறு ஜன்னல், ஒவ்வொன்றையும் நாமே துளைத்து உள்ளே விளக்குப் போட வேண்டும். பின்னால் நாலு இஞ்சின், நாலிலும் நீல வெளிச்சம். அந்த நாலும் எரிகிற நேரத்தில் சுவிட்சில் தன் விரல் இருக்க வேண்டும். கனகதாசுக்கு வாழ்க்கையில் இப்போது வேறு ஆசை கிடையாது. பிளாஸ்டர் மாவு என்று சொல்லிப் பெட்டியை மாடிக்கு ஏற்றினார்.

எங்கள் பக்கத்துச் சபைக் குடும்பங்களில் ஜெபத்தில் இருக்கிற ஆளைக் கூப்பிடும் வழக்கமில்லை. போன் அடித்தால் அடிக்கட்டும், பால் பொங்கினால் பொங்கட்டும். இப்படி ஒரு பாதுகாப்பு பாங்கு லாக்கருக்குக்கூடக் கிடையாது. அந்த தைரியத்தில்தான் மனுஷன் பல் ராவுகிற டிரில்லையும் மேலே கொண்டுபோனார்.

நாலாம் நாள் ஏழரைக்கு இறங்கி வந்தபோது விமலகுமாரி கேட்டாள்.

"மேல என்னமோ 'டிர்ர்'ணு சத்தம் கேட்டுதே?"

"அது... பல்லைக் கடிச்சிக்கிட்டு ஜெபிச்சேன்."

"அப்படியா. பல்லு பத்திரம். செட்டு வைக்கணும்னாலும் நீங்களேதான் செய்யணும்."

மறுநாள் மாடிக்குக் கிளம்பும்போது அவர் கையில் ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்தாள். சத்தியபாய்க்கு முட்டுவலி, ஷைஜுவுக்கு விசா. "இவ்வளவு ஜெபிக்கிறிய. இதையும் சேத்து ஜெபியுங்க." சத்தியபாய் பக்கத்து வீடு. ஷைஜு அவள் மகன்.

மேலே போய்ச் சீட்டை வைத்துவிட்டு டிரில்லை எடுத்தார். மனசு கேட்கவில்லை. கப்பலைப் பார்த்தபடியே கண்ணை மூடி ரெண்டு நிமிஷம் முட்டுக்காக ஜெபித்தார். அந்த வாரமே சத்தியபாயின் முட்டுவலி போய்விட்டது. அவள் டாக்டரிடம் போய் மாத்திரையும் வாங்கித் தின்றிருந்தாள், ஆனால் அதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. "தாசண்ணன் ஜெபமாக்கும்" என்று மீன் வாங்குகிற இடமெல்லாம் சொன்னாள். சீட்டு நீண்டது. பரீட்சை, பிரசவம், குடிக்கிற மாப்பிள்ளை. பொழியூரிலிருந்து ஒரு குடும்பம், கடல் இனியும் வீட்டுப்பக்கம் ஏறி வராமல் இருக்க ஜெபிக்கச் சொல்லி ஆள் விட்டது. கடலை நிறுத்துகிற பொறுப்பு தன்மேல் வரும் என்று கனகதாஸ் கண்டாரா?

இதற்கு நடுவில் மாடியறையில் வேறு ஒன்று நடக்கத் தொடங்கியது.

கப்பலின் மூக்கில் வைக்கிற கடுகளவு துண்டு ஒன்று இடுக்கியிலிருந்து தெறித்துப் போயிற்று. ரெண்டு நாள் தரையில் தவழ்ந்து தேடினார். மூன்றாம் நாள் கதவைத் திறந்தால் அந்தத் துண்டு கப்பலின் மூக்கில் ஒட்டியிருந்தது. நேராக, பசை வழியாமல், அவர் ஒட்டுவதைவிட நன்றாக.

நானேதான் ஒட்டி மறந்திருப்பேன் என்று சமாதானம் செய்துகொண்டார். அடுத்த வாரம் இடது பக்கத்தில் நாற்பது ஜன்னல் பாக்கி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வந்து எண்ணினால் நாலுதான் பாக்கி. மறுபடி எண்ணினார், கண்ணாடியை மாற்றிப் போட்டு எண்ணினார். முப்பத்தாறு ஜன்னல் தானாகத் திறந்திருந்தது.

சாவி அவர் இடுப்பில்தான். ஜன்னலில் கம்பி. எலி ஜன்னல் துளைக்குமா? துளைத்தாலும் இப்படி ஒரே அளவில், வரிசை பிசகாமல் துளைக்குமா? கனகதாஸ் நாற்காலியில் உட்கார்ந்து மேலே கூரையைப் பார்த்தார். அன்று முதல்முறையாக முழுசாக ஒன்றரை மணி நேரமும் ஜெபித்தார். ஒரு வேலையும் ஓடவில்லை.

ஆனால் இஞ்சின் மட்டும் கைகொடுக்கவில்லை. ஜன்னல்களுக்குப் போட்ட சீரியல் பல்பு அழகாக எரிந்தது. நீல எல்.ஈ.டி. நாலையும் பேட்டரியில் தொட்டால் ஒரு மினுக்கு, பிறகு சாவு. பதினேழு பல்பு செத்தது. வயரை மாற்றினார், பேட்டரியை மாற்றினார், இடத்தை மாற்றினார். யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். வீட்டிலேயே பிசிக்ஸ் இருந்தும் கேட்க முடியாத நிலைமை. நாற்பதாம் நாள் மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று கொண்டுபோன சீட்டை எடுத்து, முதலில் அதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று வாசித்தார்.

ஒன்று, அமிர்தாவின் கல்யாண ஆலோசனை. ரெண்டு, பொழியூர் கடல். மூன்று, சபைக் கூரை ஒழுகுவது. நாலு, பின்பக்க இஞ்சினில் பல்பு எரிந்துபோவது. ஒவ்வொன்றிலும் 330 ஓம் ரெசிஸ்டர் வைக்காவிட்டால் என்ன ஜெபித்தாலும் நிற்காது.

கையெழுத்து குண்டு குண்டாக, டீச்சர் கையெழுத்து. கனகதாஸ் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பத்து நிமிஷம் கழித்து அடுக்களை வாசலில் போய் நின்றார்.

"உனக்கு எப்பம் தெரியும்?"

"முதல் நாளே. ஜெபத்துக்குப் போற ஆளு பைபிளைக் கீழ வச்சிட்டு, மூக்குக்கண்ணாடி ரெண்டு கொண்டு போறாரு."

"சாவி?"

"இந்த வீட்டுல எந்தப் பூட்டுக்கு எங்கிட்ட ரெண்டாம் சாவி இல்ல?"

"பின்ன ஏன் விமலா ஒண்ணும் சொல்லல?"

"சொல்லத்தான் நாலு மணிக்கு ஸ்கூல் விட்டு வந்து மேல போனேன். உள்ள என்னதான் இருக்குணு பாத்தேன். அந்த நீள வயித்துக்குள்ள வயர் போற வழியப் பாத்தேன். பின்ன ஒரு ஜன்னல் துளைச்சுப் பாத்தேன்." கரண்டியைக் கழுவி வைத்தாள். "பின்ன நிறுத்த முடியல."

கனகதாசுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. முப்பது வருஷம் கூடவே இருந்தவளுக்கும் அந்தக் கிறுக்கு உண்டு என்று இப்போதுதான் தெரிகிறது. குரல் இளகிவிட்டது.

"அப்பம் ரெசிஸ்டர்?"

"வாங்கி வச்சிருக்கேன்."

"எடு பிள்ளே. இப்பமே வச்சிருவோம். சுவிட்சு நான் போடுதேன்."

"இன்னைக்கு நேரமில்ல. நாளைக்கு ஆறு மணிக்குத் தெருவுல உள்ள பெண்ணுங்க எல்லாரும் நம்ம ஹாலுக்கு வருவாங்க. சபைப் பாதிரி அச்சனுக்க ஏற்பாடு. ஜெபக்கூட்டம், இனி தினமும். நடத்துறது நீங்க."

"நானா?"

"நாப்பது நாளு ஜெபிச்ச ஆளு வேற யாரு உண்டு இங்க? நானாக்கும் அச்சங்கிட்டச் சொன்னேன்."

"எனக்கு நடத்தத் தெரியாது விமலா."

"அப்படியா? அப்பம் அச்சங்கிட்டப் போய்ச் சொல்லுங்க. மாடியில என்ன செய்துகிட்டு இருந்தேன்ணும் சேத்துச் சொல்லுங்க."

சொல்ல முடியுமா?

மறுநாள் ஆறு மணிக்கு ஹாலில் பாய் விரித்து இருபது பெண்கள். முன்னால் சத்தியபாய், சம்மணம் போட்டு, முட்டில் ஒரு வலியும் இல்லாமல். எல்லாருக்கும் காப்பி கொடுத்துவிட்டு விமலகுமாரி சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள். "நீங்க நடத்துங்க. நான் மேல தனியா இருந்து ஜெபத்துல தாங்குதேன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் படி ஏறினாள். எவ்வளவு பக்தி என்று பாயில் ரெண்டு பேர் உச்சுக்கொட்டினார்கள்.

கனகதாஸ் ஷைஜுவின் விசாவில் தொடங்கி அமிர்தாவின் கல்யாணத்துக்கு வந்து, கடலுக்குத் திரும்பினார். வாய் ஜெபித்தது, காது மாடியில் இருந்தது. சத்தமே இல்லை. நான் வருகிறவரைக்கும் பொறுப்பாள், அவளும் மனுஷிதானே என்று நம்பினார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கடலைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தபோது சத்தியபாய் அவர் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"அண்ணே, வெளிய பாருங்க."

முற்றம் இருட்டத் தொடங்கியிருந்தது. மாடி ஜன்னலிலிருந்து ஒரு வெளிச்சம் இறங்கி எதிர்த் தென்னை ஓலைமேல் விழுந்து நின்றது. நீலம். நாலு இஞ்சினும் சேர்ந்து எரிகிற சுத்தமான நீலம். இருபது பெண்களும் எழுந்து ஜன்னல் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள்.

"டீச்சர் ஒரே ஒரு நாளு மேல போனா, இறங்கி வருது பாருங்க வெளிச்சம்" என்றாள் சத்தியபாய். பிறகு திரும்பி, கொஞ்சம் சந்தேகத்தோடு, கனகதாசை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க நாப்பது நாளு மேல இருந்தியளே அண்ணே, உங்களுக்கு இதுபோல ஒண்ணும் வரலியா?"

"இல்ல" என்றார் கனகதாஸ்.