பின்சீட்டு வாடை

சொந்தப் பெண்டாட்டியோடு தனியாக உட்கார்ந்து ஒரு டீ குடிக்க வேண்டும். வெள்ளைத்துரையின் ஆசை அம்புட்டுத்தான்.

நாகமலை புதுக்கோட்டையில் வீடு. கீழே அவரும் முனீஸ்வரியும். மாடியில் அவள் தம்பி அழகுபாண்டி, அவன் மனைவி திவ்யா, ரெண்டு பிள்ளைகள், வெள்ளைத்துரையின் மாமியார் முத்துத்தாய். மாடி என்பது பேச்சுக்குத்தான். படுப்பதற்கு மட்டும்தான் மேலே போவார்கள். இந்தக் கூட்டத்திலிருந்து பெண்டாட்டியைக் கடத்திக்கொண்டு போகத்தான் வெள்ளைத்துரை ஒரு பழைய காரை வாங்கினார். அலங்காநல்லூர் ரோட்டில், வயலைப் பார்த்தமாதிரி ஒரு டீக்கடையும் பார்த்து வைத்திருந்தார்.

ஆறு வருசம் ஆயிற்று. இவர் சாவியைத் தொட்டாலே மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும்.

"மச்சான், கெளம்பிட்டீகளா? இருங்க, நாங்களும் வாரோம்!"

இந்தச் சித்திரையில்தான் காருக்குள் பெட்ரோல் வாடை அடிக்க ஆரம்பித்தது. திவ்யாவுக்குத் தலைசுற்றல். பிள்ளைகளுக்கு வாந்தி. மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ் ஏறினார்.

"உங்க அக்கா வந்தாக்கூட நாலு நாள்ல ஊருக்குக் கெளம்பிருது," என்றாள் முனீஸ்வரி. "இந்த நாத்தம் கெளம்ப மாட்டேங்குது. நாத்தனாரே தேவலாம்."

வெள்ளைத்துரை பானெட்டைத் திறந்து முகர்ந்தார். பெட்ரோல் மூடியின் ரப்பரை மாற்றினார். மெக்கானிக் செல்வக்குமார் வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தான்.

"எங்கயும் சொட்டலைண்ணே. வண்டிக்கு இருபத்து நாலு வயசு. லேசா வாடை வரத்தான் செய்யும். நமக்கே வருது."

கண்டுபிடித்தது முனீஸ்வரிதான்.

"ஏங்க, டேங்க்கை ரொப்புன அன்னைக்குத்தான இம்புட்டு நாறுது? பாதிக்குக் கீழ எறங்குனா நின்னுருதுல்ல?"

"ஆமா."

"அப்ப ஓட்டை அடியில இல்லை. மேல எங்கயோ இருக்கு. டிக்கியைத் தெறங்க."

டிக்கியின் ஓரத் தகட்டைக் கழற்றி ரெண்டு பேரும் தலையை உள்ளே விட்டார்கள். அவள் டார்ச்சைப் பிடித்து மோந்துகொண்டே போனாள். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகிற ரப்பர் டியூப்பில் மூக்கு நின்றது. அதை வளைத்தாள். முடி அகலத்துக்கு ஒரு வெடிப்பு.

வெள்ளைத்துரை வெடிப்பைப் பார்க்கவில்லை. அவள் தோள் அவர் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. பெட்ரோலையும் தாண்டிக்கொண்டு அவள் தலை மல்லிகை வாசம் வந்தது. கல்யாணமான புதிதில் இவளோடு சைக்கிளில் போனபோது முதுகில் பட்ட அதே மூச்சு. ஆறு வருசத்தில் பகலில் அவர்கள் இவ்வளவு நேரம் தனியாக இருந்தது அந்த டிக்கிக்குள்தான்.

"என்னை என்ன பார்க்குறீக? டியூப்பைப் பாருங்க."

மறுநாளே புது டியூப் போட்டாயிற்று. வாடை சுத்தமாகப் போய்விட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அவருக்கு உறைத்தது. வாடை போனால் செருப்புச் சத்தம் வரும்! இருபத்து நாலு வருசம் பெட்ரோலில் ஊறிய பழைய டியூப் மடியில் கிடந்தது. வண்டியை ஓரங்கட்டி, அதைப் பின்சீட்டுக்கு அடியில் சொருகினார்.

"முன்னால சரியாயிருச்சு," என்று வீட்டில் அறிவித்தார். "பின்னாலதான் இன்னும் லேசா அடிக்குது. அங்கன யாரும் உக்காரக் கூடாதுன்னு மெக்கானிக் சொல்லிட்டான்."

முனீஸ்வரி பின்கதவைத் திறந்து முகர்ந்தாள். "ஆமா, அடிக்குது."

வெள்ளைத்துரை குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கெழமை அலங்காநல்லூர்ப் பக்கம் போவமா?"

அவள் பின்சீட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ காலம்.

"போகலாமே. முன்சீட்ல ஒரு ஆளு உக்காரலாம்ல?"

"ஒரு ஆளுதான்! ஒரே ஆளு!"

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத்துரை இஸ்திரி போட்ட சட்டை போட்டார். மீசையைச் சீவினார். வண்டியை வாசலில் நிறுத்தி, பக்கத்து சீட்டைத் துண்டால் மூன்று தடவை துடைத்தார். கதவு திறந்தது. யாரோ ஏறி உட்கார்ந்தார்கள். சிரித்தபடி திரும்பினார்.

மாமியார்.

"மாப்ள, முன்னால உக்காந்து ரோட்டைப் பார்த்துக்கிட்டே போகணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை," என்றார் முத்துத்தாய், வெட்கத்தோடு. அதற்குள் பின்கதவும் திறந்தது. அழகுபாண்டி, திவ்யா, பிள்ளைகள்.

"பின்னால உக்காரக் கூடாதுய்யா! வாடை!"

"அதை அக்கா நேத்தே எடுத்து வெளிய போட்டுருச்சு மச்சான். சீட்டுக்கு அடியில எதோ பழைய டியூப்பு கெடந்துச்சாம். வண்டியை விடுங்க. சின்னம்மா வீட்டுல சமைச்சு வச்சுட்டு உக்காந்துருக்காக."

"எந்தச் சின்னம்மா?"

"அலங்காநல்லூர்ச் சின்னம்மாதான். நாம வாரோம்னு அக்கா போன் போட்டுச் சொல்லிருச்சு. கெடா வெட்டிருக்காக."

வெள்ளைத்துரை வாசலைப் பார்த்தார். முனீஸ்வரி வீட்டுச் சேலையில், தலையைக்கூட அவிழ்த்துப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"நீ வரலையா?"

"எடம் எங்க இருக்கு? வண்டி நெறஞ்சுபோச்சே."

பக்கத்தில் வந்து ஜன்னலில் குனிந்தாள். நேற்று வைத்த மல்லிகையின் வாசம் வந்தது. கோபத்தையும் மீறி அவருக்கு மனசு இளகியது. அவளுக்கும் வருத்தம்தான், அதுதான் ரகசியமாக ஏதோ சொல்ல வருகிறாள் என்று காதைக் கொடுத்தார்.

"இந்த வீட்டுல ஆளே இல்லாம ஒரு பகலு தூங்கணும்னு எம்புட்டு வருசமா ஏங்குறேன் தெரியுமா? மெதுவாப் போங்க. ஆறு மணிக்கு முந்தி வந்துராதீக."