கடுக்காய் உருண்டையும் என் மனைவியின் புகழும்

பொறாமை இல்லாத மனிதன் கிடையாது. ஆனால் கௌரவமான ஆட்கள் அதைக் கௌரவமான இடத்தில் வைத்துக்கொள்வார்கள். மாடி வீடு கட்டின பங்காளி மீது படுவார்கள், பிரமோஷன் வாங்கின சிநேகிதன் மீது படுவார்கள். நான் பொறாமைப்பட்டது தாலி கட்டின சொந்தப் பெண்டாட்டியைப் பார்த்து. அதிலும் அவள் பிடித்த கேழ்வரகு உருண்டையைப் பார்த்து. இப்போது எனக்கு எண்பது தாண்டிவிட்டது, ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. (வெட்கம் இருக்கிறது. ஆனால் ஊருக்கே தெரிந்த பிறகு மறைத்து வைத்து என்ன செய்ய?)

அறுபதுகளின் நடுவில், அரிசிக்குத் தட்டுப்பாடு வந்திருந்த சமயம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளின் தொழிலாளர்கள் குடியிருந்த பக்கத்தில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை இருந்தது. ஜனங்கள் அதை சொசைட்டி என்பார்கள். நான் அங்கே சேல்ஸ்மேன். அரிசி வந்தால் பொழுது சாய்வதற்குள் தீர்ந்துவிடும். கோதுமை ரவையும் கேழ்வரகும் வேர்க்கடலை மாவும் மட்டும் மூட்டை மூட்டையாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். கோதுமை என்றால் காய்ச்சல்காரன் சாப்பாடு என்று அப்போது எல்லோருக்கும் எண்ணம். "வாங்கிட்டுப் போங்கம்மா, ஒடம்புக்கு நல்லது" என்று சொன்னால், "எங்க வூட்ல யாருக்கும் ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே சார்" என்று முறைத்துவிட்டுப் போவார்கள்.

சொசைட்டித் தலைவர் துரைசாமி, ரயிலில் கார்டாக இருந்து ரிட்டையரானவர். பேசும்போது கொடி காட்டுவதுபோல் கையை வீசுவார். அவர்தான் அந்த யோசனையைச் சொன்னார்.

"ருசி பாத்தாத்தான்யா வாங்குவாங்க. வெள்ளிக்கிழமை ஷாப்பு லீவு. வியாழக்கிழமை சாயங்காலம் கூலி வாங்கிட்டு எல்லாரும் இந்தப் பக்கம்தான் வர்றாங்க. நம்ம சரக்குல சத்தா எதுனா செஞ்சு ஆளுக்கு ஒரு வாய் குடு. உன் சம்சாரம் நல்லா சமைக்குமா?"

"சுமாரா சமைப்பா சார்" என்றேன். (பொறாமையின் முதல் சொட்டு அப்போதே விழுந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. அவள் பிரமாதமாகச் சமைப்பாள்.)

என் மனைவி ரஞ்சிதம் குடியாத்தத்துப் பெண். நெசவுக் குடும்பம். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவள் நாலு பேர் எதிரில் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அப்படிப்பட்டவளை, முதல் வியாழக்கிழமை, கோதுமை ரவையில் முருங்கைக்கீரை போட்டுக் கிளறிய உப்புமாவோடும் கேழ்வரகு உருண்டையோடும் கவுண்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கூட்டத்தைப் பார்த்து பயந்துபோவாள், நான் போய்க் காப்பாற்றலாம் என்று தயாராக இருந்தேன்.

அவள் பயப்படவில்லை.

"அக்கா, உன் சின்னப் பொண்ணு ஏன் இப்படி எளைச்சுப் போயிருக்கு? இத ஒண்ணு குடு, துன்னுதா பாக்கலாம். ரெண்டு பங்கு கேவுரு, ஒரு பங்கு வேர்க்கடல மாவு. வெல்லம் கம்மியாப் போட்டா போதும்."

அந்தக் குழந்தை தின்றது. இன்னொன்று கேட்டது. அன்றைக்கு ஒரு மூட்டை கேழ்வரகு காலியானது. மறுவாரம் கோதுமை ரவைக்கு வரிசை நின்றது.

சந்தோஷப்பட வேண்டியவன் நான்தான். ஆனால் மூன்று வருஷமாக அந்த ஜனங்களுக்கு நிறுத்துக் கொடுத்தவன் நான். ஒருத்தருக்காவது என் பேர் தெரியாது. என்னைப் பார்த்துப் பேசும்போதும் தராசு முள்ளைத்தான் பார்ப்பார்கள். அவளை மூன்றே வாரத்தில் 'டீச்சரம்மா' ஆக்கிவிட்டார்கள். (எட்டாவது! நான் எஸ்.எஸ்.எல்.சி.) என்னை 'டீச்சரம்மா வூட்டுக்காரர்' என்றார்கள். செவ்வாய்க்கிழமை சர்க்கரைக்கு வருகிறவர்கள்கூட என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அம்மா இன்னிக்கு வர்லியா?" என்று கேட்டார்கள்.

எதிரே இருந்த ஷாப்பில் தோல் ஊறும் தொட்டியில் வேலை செய்த கரீம் பாய், ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஒரு நாள் சொன்னார்: "சார், நீங்க குடுத்து வெச்சவரு. எங்க வூட்ல இப்ப தெனமும் டீச்சரம்மா உருண்டைதான்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது.

அடுத்த புதன்கிழமை வீட்டில் அவளிடம், "உப்புமால உப்பு கொஞ்சம் ஜாஸ்தின்னு பேசிக்கிறாங்க" என்று போகிற போக்கில் சொன்னேன். யாரும் அப்படிப் பேசவில்லை. அவள் முகம் சுருங்கிப்போனது. "அப்படியா? ஏங்க மொதல்லியே சொல்லல?" என்றாள். மறுநாள் உப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டாள். நாலு பேர் "இன்னாம்மா சப்புனு இருக்குது" என்றார்கள். அன்றைக்கு நான் விசிலடித்துக்கொண்டே கடையைப் பூட்டினேன்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் துரைசாமி கையை வீசிக்கொண்டு வந்தார். வேலூரிலிருந்து கூட்டுறவு ஆபீசர் வருகிறாராம். எங்கள் சொசைட்டியில் மட்டும் கேழ்வரகும் கோதுமையும் எப்படி விற்கிறது என்று நேரில் பார்க்கவாம். வருகிற வியாழக்கிழமையே.

"அம்மா பேர எழுதி அனுப்பிட்டேன். அவங்களே ரெண்டு வார்த்த பேசட்டும். நீ கூடமாட ஒத்தாசையா இரு" என்றார்.

கூடமாட ஒத்தாசை. அந்த இரண்டு வார்த்தையும் வீடு வரைக்கும் என் கூடவே நடந்து வந்தன.

வீட்டில் ரஞ்சிதம் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குடியாத்தத்தில் அவள் அக்கா குழந்தைக்கு அதே வியாழக்கிழமை காது குத்து. "போகலாமா வேணாமான்னு தெரியல. ஆபீசர் ஒருத்தர் வர்றாரு, நான் அவர் எதிர்ல பேசணும்னு தலைவர் அன்னிக்கே சொல்லிக்கிட்டிருந்தாரே, எப்பவாம்?" என்றாள்.

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். திரும்பாமலே சொன்னேன்: "அது அதுக்கு அடுத்த வாரம். நீ நிம்மதியா போய்ட்டு வா."

வியாழக்கிழமை காலையில் அவளை பஸ் ஏற்றிவிட்டேன். புறப்படும் முன்பு உருண்டைக்கு மாவு கலந்து ஒரு டின்னில் வைத்திருந்தாள். "வெல்லப்பாகு ஊத்திப் பிடிச்சாப் போதும், வேற எதுவும் சேக்காதீங்க" என்று ஜன்னல் வழியாக இரண்டு தடவை சொன்னாள்.

வேறு எதுவும் சேர்க்காவிட்டால் அது அவள் உருண்டை அல்லவா? ஆபீசர் புகழ்ந்தால் அவளைத்தானே புகழ்வார்? என் உருண்டை என்று சொல்ல ஏதாவது வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் எப்போதோ பொட்டலம் மடித்துக் கொடுத்த தாள் ஒன்று என் பையில் இருந்தது. 'கடுக்காய் தேகத்துக்கு வலுவூட்டும், ரத்தத்தைச் சுத்தி செய்யும், தினமும்' என்று அச்சடித்திருந்தது. தினமும் எவ்வளவு என்பது இருந்த இடம் கிழிந்து போயிருந்தது. அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

மருந்துக் கடை வரை எதற்குப் போக வேண்டும்? தோல் பதம் போடுவதற்கு எதிர் ஷாப்பிலேயே கடுக்காய் மூட்டை மூட்டையாக அரைத்து வைத்திருந்தார்கள். தூக்கை எடுத்துக்கொண்டு போனேன். நல்ல வேளையாகவோ கெட்ட வேளையாகவோ கரீம் பாய் அங்கே இல்லை. மேஸ்திரி அள்ளிப் போட்டார்.

"இன்னாத்துக்கு சார்? வூட்ல எத்தினி தோல் போடப் போறீங்க?"

"மருந்துக்கு."

"இத்தினியா!" என்று அவர் கண்ணை விரித்தார். நான் தூக்கை மூடிக்கொண்டு நடந்தேன். பெரிய காரியம் செய்கிறவர்கள் சின்னக் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்ல மாட்டார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, பொடியை இரண்டு தரம் சலித்தேன். மாவில் கொட்டினேன். வாயில் கொஞ்சம் போட்டுப் பார்த்தபோது துவர்ப்பு ஆளையே பின்னால் தள்ளியது. சத்துள்ளது துவர்க்கத்தான் செய்யும் என்று முடிவு செய்து, இருந்த வெல்லத்தையெல்லாம் பாகு காய்ச்சி ஊற்றினேன். மறுபடி நாக்கில் வைத்தேன். தித்திப்பு. அதற்கு மேல் மெல்லவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது.

சாயங்காலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தாம்பாளத்தில் உருண்டைகளைக் கோபுரமாக அடுக்கி வைத்துக்கொண்டு நின்றேன். ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார். துரைசாமி என்னைப் பார்த்து, "அம்மா எங்கய்யா?" என்று பல்லைக் கடித்தார். "ஊருக்குப் போய்ட்டா சார். கவலைப்படாதீங்க, இன்னிக்கு ஸ்பெஷல்" என்றேன். கூட்டமும் 'அம்மா எங்கே, அம்மா எங்கே' என்று முணுமுணுத்தது. ஒவ்வொரு முணுமுணுப்புக்கும் என் மார்பு ஒரு அங்குலம் நிமிர்ந்தது.

"ஐயா, இது நானே என் சொந்த யோசனையில் தயாரித்த சத்துருண்டை" என்று ஆபீசரிடம் முதல் உருண்டையை நீட்டினேன். கூட்டத்துக்கும் கை கையாக எடுத்துக் கொடுத்தேன்.

ஆபீசர் முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். வெல்லம் வேலை செய்தது. "பேஷ்! ரொம்ப அருமை!" என்றார். என் வாழ்க்கையிலேயே நான் மிகவும் உயரமாக இருந்த நேரம் அதுதான்.

"இந்த சொசைட்டியைப் பார்த்து மற்ற..." என்று அவர் பேச ஆரம்பித்தார். 'மற்ற'வுக்கு மேல் போகவில்லை. உதடு உள்ளே இழுத்துக்கொண்டது. கன்னம் இரண்டும் ஒட்டிக்கொண்டன. "மழ்ழ... மழ்ழ" என்று வாயருகே கையைக் கவிழ்த்துக் காட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்று எனக்குப் புரியவே கொஞ்சம் நேரமாகிவிட்டது. இப்பக்கம் திரும்பினால், கூட்டம் முழுவதும் வாயைக் கோணிக்கொண்டு நிற்கிறது. குழந்தைகள் துப்புகின்றன. ஒரு பெண் முந்தானையால் தன் நாக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துரைசாமி இரண்டு கையையும் வீசுகிறார், வாயிலிருந்து சத்தம் மட்டும் வரவில்லை.

அப்போதுதான் கரீம் பாய் வந்தார். ஒரு உருண்டையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். கடிக்கவில்லை. முப்பது வருஷம் தொட்டியில் நின்ற மனிதர்.

"அட அல்லா! இது எங்க ஷாப்பு வாசனை ஆச்சே! சார், இன்னா காரியம் பண்ணிட்டீங்க? எல்லார் நாக்கையும் பதம் போட்டுட்டீங்களே!"

அதற்குப் பிறகு யாராலும் திட்ட முடியவில்லை. திட்டுவதற்கு நாக்கு ஒத்துழைக்க வேண்டும். வாய் கோணின அத்தனை பேரும் கண்ணில் தண்ணீர் வர, சத்தமில்லாமல் சிரித்தார்கள். ஆபீசர் சிரிக்கவில்லை. ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

கடுக்காயின் மற்றொரு குணம் மறுநாள் விடியும்போது தெரிய வந்தது. வெள்ளிக்கிழமை ஷாப்பு லீவு என்பதால் தொழில் முடங்கவில்லை. ஆனால் அன்றைக்கு ஆம்பூரில் எங்கள் பக்கத்து ஜனங்கள் சொம்பும் கையுமாக ஏரிக்கரைக்கு எத்தனை நடை நடந்தார்கள் என்பதை நான் சொல்ல வேண்டாம். ஆபீசருக்கு அன்று வாணியம்பாடியில் காம்ப் இருந்ததாம். ரத்து என்று தகவல் வந்தது. காரணம் எழுதவில்லை.

ரஞ்சிதம் காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வருவதற்குள் ஏழெட்டுப் பேர் அவளை நிறுத்திக் கதை சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குள் வந்து பையைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று சுவரோடு ஒட்டி நின்றேன்.

"கடுக்காய்ன்னா கொட்டைய எடுத்துட்டுத்தானே இடிக்கணும்" என்றாள் முதலில். பிறகு, "ஆபீசர் அடுத்த வாரம்னு சொன்னீங்க."

நான் அவள் பையை எடுத்து உள்ளே வைக்கப் போனேன்.

"அவர் முன்னாடி நின்னு பேசணும்னு அந்த நீலப் பொடவைய எடுத்து மடிச்சு வெச்சிருந்தேங்க. இன்னா பேசறதுன்னு அக்காகிட்டகூட சொல்லிப் பாத்தேன்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்குப் பொறாம ரஞ்சிதம்" என்றேன். "அவங்க யாருக்கும் என் பேரே தெரியாது."

அவள் சொம்பில் தண்ணீர் எடுத்துக் குடித்தாள். "இப்பத் தெரியும். பஸ் ஸ்டாண்ட் முழுக்க உங்க பேருதான்" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். இரண்டு நாள் பேசவில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்த வியாழக்கிழமை அவள் உப்புமாவோடு நின்றாள். ஒருத்தரும் கையை நீட்டவில்லை. அவள் தாம்பாளத்தை என் பக்கம் திருப்பினாள். "நீங்க சாப்பிடுங்க. இவங்க எதிர்ல." சாப்பிட்டேன். கரீம் பாய் விடவில்லை: "நாக்க நீட்டுங்க சார்." நீட்டினேன். அவர் குனிந்து, தோலைச் சோதிப்பதுபோல் அப்படியும் இப்படியும் பார்த்து, "சரக்கு நல்லாத்தான் இருக்குது, துன்னுங்க" என்று அறிவித்தார். கூட்டம் பாய்ந்தது. அன்றிலிருந்து அந்த சொசைட்டியில் நான் இருந்த வரைக்கும் இதே வழக்கமாகிவிட்டது.

ஆபீசர் நாலு மாதம் கழித்துத் துணிந்து மறுபடி வந்தார். என் நாக்கைப் பார்த்த பிறகே சாப்பிட்டார். ரஞ்சிதம் நீலப் புடவையில் நின்று பேசினாள். தடுமாறவே இல்லை. கணியம்பாடி, காவேரிப்பாக்கம் என்று பல ஊர் சொசைட்டிகளுக்கு அவளை அழைத்தார்கள். பாத்திரப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனது நான். கூடமாட ஒத்தாசை.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் புதிதாக எது சமைத்தாலும் நான் சாப்பிட்டு நாக்கை நீட்டாமல் யாரும் கை வைப்பதில்லை. போன மாதம் பேரனுக்கு நிச்சயதார்த்தம். பெண் வீட்டார் இலையில் அல்வா வைத்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். நான் ஒரு விள்ளல் எடுத்துப் போட்டுக்கொண்டு, சபையில், நாக்கை நீட்டினேன். சம்பந்தி பதறிப்போய், "ஐயாவுக்கு ஏதாவது..." என்றார். ரஞ்சிதம் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். ஆபீசர் "மழ்ழ" என்றதை அவள் செய்து காட்டியபோது பந்தியே உருண்டு சிரித்தது. பரிமாற வந்தவர்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

அவள் அன்றைக்கு அந்த இடத்திலேயே இல்லை. பார்த்தவன் நான், செய்தவன் நான், பட்டவன் நான். ஆனால் நான் இந்தக் கதையைச் சொன்னால் யாரும் இந்த அளவுக்குச் சிரிப்பதில்லை. இலையில் குனிந்து அல்வாவைத் தின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். பொறாமையாகத்தான் இருந்தது.