கதிரைக்கும் புற்றுத் தோஷம்

வெள்ளிக்கிழமை இலுப்பைக்கடவைக்கு பஸ்ஸில் இருந்துகொண்டு வர வேண்டுமென்றால் வியாழக்கிழமையே இடம் பிடித்திருக்க வேண்டும். முருங்கனிலிருந்து சனம் வந்தது. முசலிப் பக்கமிருந்து ஓட்டோ பிடித்து வந்தது. ஓலைத்தொடுவாயிலிருந்து ஒரு வான் நிறைய வந்தது. எல்லோருடைய முகத்திலும் பரு. எல்லோருடைய பையிலும் ஒரு துண்டுச் சவர்க்காரம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வருகிற பரு என்று நினைத்துவிடாதீர்கள். இது முப்பது வயதிலும், பிள்ளை பெற்ற பிறகும், போகமாட்டேன் என்று கன்னத்தில் குடியிருக்கிற பரு. மீள்குடியேறி மூன்று வருடமாகியும் எங்களுக்குக் கிடைக்காத நிரந்தரக் காணி உறுதிப்பத்திரம் அதற்கு மட்டும் எப்படியோ கிடைத்திருந்தது.

அந்தப் பருவை மூன்றே நாளில் குடியெழுப்புகிறேன் என்று வந்து சேர்ந்தவர்தான் புற்றுச்சாமி. எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று ஒருவரும் கேட்கவில்லை. காவி கட்டியிருந்தார், தாடி இருந்தது, போதாதா?

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? சாமியின் மண்டபத்துக்கு நேர் எதிரே இருக்கிற தேத்தண்ணிக் கடை என்னுடையது. பெயர் கனகரத்தினம். சாமியின் புண்ணியத்தில் வெள்ளிக்கு வெள்ளி ஒரு பெட்டி சவர்க்காரம் விற்றவன். ஆகவே இந்தக் கதையைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

சாமியின் வைத்தியம் இப்படி. சனம் வரும்போது உடுப்புத் தோய்க்கிற பார் சவர்க்காரத்தை முகத்தில் நன்றாக உரஞ்சி, அரைகுறையாகக் கழுவி, துடைக்காமல் காயவிட்டு வர வேண்டும். வாசனைச் சவர்க்காரம் கூடாது. நாகத்துக்கு வாசனை பிடிக்காதாம். முன்னால் போய் இருந்ததும் சாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"காணி துப்புரவாக்கேக்கை புற்று இடிச்சனீங்களோ?"

"ஐயோ, ஓம் சாமி! எப்படிச் சாமி கண்டுபிடிச்சனீங்கள்?"

எப்படிக் கண்டுபிடித்தாராம்! இடம்பெயர்ந்து போன காலத்தில் எங்கள் காணிகள் பற்றை மண்டிக் கிடந்தன. கறையானுக்குக் கொண்டாட்டம். திரும்பி வந்தபோது வாசலில் ஒரு புற்று, கிணற்றடியில் ஒரு புற்று. அதை இடித்துத்தான் கொட்டில் போட்டோம், அந்த மண்ணைக் குழைத்துத்தான் சுவருக்குப் பூசினோம். புற்று இடிக்காத ஒரு குடும்பத்தை இந்தக் கரையோரத்தில் காட்டினால் என் கடையை எழுதித் தருகிறேன்.

அடுத்தது அற்புதம். சாமி கூடைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் சீலைத் துண்டை எடுப்பார். ஈரமாக இருக்கும். அதால் பக்தரின் முகத்தைத் துடைப்பார். சீலை இரத்தமாய்ச் சிவக்கும். "நாக விஷம் இறங்குது!" என்பார். சனம் கையெடுத்துக் கும்பிடும். இரண்டு நாளைக்கு முகம் வறண்டு, பருவும் அடங்கினாற்போல இருக்கும். நாலாம் நாள் பரு தன் சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு வரும்.

வைத்தியத்துக்குச் சாமி காசு வாங்குவதில்லை. அங்கேதான் இருக்கிறது ஆளின் கெட்டித்தனம். "புற்று இருந்த நிலத்திலை அத்திவாரம் போட்டிருக்கிறியள். அந்தத் தோஷம் சீமெந்திலை ஏறியிட்டுது. இனி அது நாகத்தின்ரை மண்டபத்துக்குத்தான் ஆகும், வீட்டுக்கு ஆகாது" என்பார். வீட்டுத்திட்டத்தில் கொடுத்த சீமெந்துப் பைகள் லாண்ட்மாஸ்ரர் உழவு வண்டியில் ஏறி மண்டபத்துக்கு வந்தன. தகரக் கொட்டிலில் கிடந்த சனம் சாமிக்கு மண்டபம் கட்டியது. தூண் எழும்பியது, நிலம் பூசியாயிற்று, படியும் வைத்தாயிற்று.

மலையகத்திலிருந்து வந்து எங்களோடு குடியேறிய பாலம்மாவும் ஒன்பது பை கொடுத்தாள். கூலி வேலைக்குப் போகிற மனுசி. தறப்பாளுக்குக் கீழே இருந்துகொண்டு ஒன்பது பை!

இனி யதுர்சிகாவுக்கு வருவோம். பாலர் பாடசாலை ஆசிரியை, முப்பத்திரண்டு வயது. பத்து வருடமாக முகத்தில் பரு. அவள் என்ன செய்தாள் தெரியுமா? பஸ் ஏறித் தோல் கிளினிக்குக்குப் போனாள். எங்கள் ஊரில் இது புரட்சி.

"டொக்டர் என்ன சொன்னவா, பிள்ளை?" என்று கேட்டேன்.

"பெரிய ஆக்களுக்கும் பரு வருமாம், அண்ணை. ஊத்தையாலையும் இல்லை, பாவத்தாலையும் இல்லை. உடம்புக்குள்ளை சுரக்கிறதுகளின்ரை வேலையாம். ஒரு களிம்பும் குளிசையும் தந்தவா. மூண்டு மாசம் விடாமல் பாவிக்க வேணும். சவுக்காரம் போட்டு உரஞ்ச வேண்டாம் எண்டவா."

தாய் சிவலட்சுமிக்கு அந்த மூன்று மாதம் பொறுக்கவில்லை. "சாமி மூண்டு நாள் எண்டுறார், டொக்டர் மூண்டு மாசமாம்! ஆர் கெட்டிக்காரர்?" என்று என் கடையில் நின்றே கேட்டா. அதோடு விடவில்லை. மகளைப் பற்றிச் சாமியிடம் சொல்ல, சாமியும் அத்திவாரத்தைப் பற்றிச் சொல்ல, வீட்டிலிருந்த இருபது பை சீமெந்தையும் கொடுக்க மனுசி முடிவெடுத்துவிட்டா.

அந்த இருபது பைதான் அந்த வீட்டின் சுவர். மாத முடிவுக்குள் சுவர் எழும்பாவிட்டால் வீடு பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும் என்று வீட்டுத்திட்டக் கந்தோரில் சொல்லியிருந்தார்கள். சண்டைக்கு மூன்று முறை ஓடி, ஓடின இடமெல்லாம் தறப்பாள் கட்டின குடும்பம். யதுர்சிகா அன்றைக்கு அழுததைக் கண்டேன். கண்டும் அடுத்த ஆளுக்குச் சவர்க்காரம் நறுக்கிக் கொடுத்தேன்.

அதை அவள் பார்த்தாள்.

"அண்ணை, சாமி ஏன் சவுக்காரத்திலை இவ்வளவு பிடிவாதம்?"

"நாகத்துக்கு..."

"விடுங்கோ அண்ணை. வெள்ளைச் சட்டையிலை கறி ஊத்துப்பட்டால் சவுக்காரம் போடேக்கை என்ன நிறம் வரும்?"

நான் கல்யாணம் கட்டாதவன். என் சட்டையை நான்தான் தோய்க்கிறேன். மஞ்சள்தூள் கறை சவர்க்காரம் பட்டால் சிவக்கும். சாமியின் சீலையும் மஞ்சளில் தோய்த்ததுதான். ஆயிரம் தரம் கண்டிருக்கிறேன். கண்டு என்ன பிரயோசனம்?

வெள்ளிக்கிழமை வந்தது. மண்டப வாசலில் இருபது பையோடு லாண்ட்மாஸ்ரர் நின்றது. யதுர்சிகா எல்லோருக்கும் கேட்கிற மாதிரித் தாயிடம் சொன்னாள்.

"சீலை சிவந்தால் இருபது பையும் சாமிக்கு. சிவக்காட்டில் திரும்ப வீட்டை. சரியோ அம்மா?"

"ஓமடி, சரி!"

சாமி சிரித்துக்கொண்டே யதுர்சிகாவின் முகத்தைத் துடைத்தார். சீலை மஞ்சளாகவே இருந்தது. திருப்பித் துடைத்தார். மஞ்சள். நெற்றியிலும் நாடியிலும் துடைத்தார். மஞ்சள்.

"பிள்ளைக்குத் தோஷமில்லை" என்றார் சாமி, தொண்டையைச் செருமிக்கொண்டு.

"அப்ப இந்தப் பருவெல்லாம்?"

"அது... தோஷம் ஒளிச்சிருக்குது."

"ஒளிக்கேல்லை சாமி. நான் சவுக்காரம் போடாமல் வந்தனான். டொக்டர் வேண்டாம் எண்டவா." அவள் என் கடைப் பக்கம் திரும்பினாள். "கனகரத்தினம் அண்ணை, உங்கடை கதிரையை ஒருக்காத் தாங்கோ!"

கடையில் ஆட்கள் இருந்து தேத்தண்ணி குடிக்கிற நீலப் பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச் செயல் அதுதான். அவள் கதிரையை நனைத்து, பார் சவர்க்காரத்தால் உரஞ்சி, வெயிலில் காயவிட்டாள். சனம் வாயைத் திறந்துகொண்டு பார்த்தது. பிறகு சாமியின் கூடைக்குள் கையைவிட்டு ஒரு புதுச் சீலையை எடுத்துக் கதிரையைத் துடைத்தாள்.

இரத்தச் சிவப்பு.

பாலம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏன் சாமி, கதிரைக்கும் புத்து தோஷமா? அது எந்தக் காணியில போயி புத்த இடிச்சிச்சு?"

சனம் வெடித்துச் சிரித்தது. சாமி விடவில்லை. "கதிரையிலை இருக்கிற ஆளின்ரை தோஷம் கதிரையிலை ஏறியிருக்கு!" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு நிமிடத்துக்கு முதல் சிரித்தவர்கள் என்னை விட்டு ஓரடி விலகியும் நின்றார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நேரே போய்ச் சாமி இருந்த பலகையிலேயே சவர்க்காரத்தை உரஞ்சி இன்னொரு சீலையால் துடைத்தேன். அதுவும் சிவந்தது.

"இப்ப சொல்லுங்கோ சாமி, இது ஆரின்ரை தோஷம்?"

சாமி பின்பக்கம் தியானத்துக்குப் போனார். தியானம் பரந்தன் பஸ்ஸில் ஏறியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள்.

சிவலட்சுமி அந்த இரண்டு சிவப்புச் சீலைகளையும் கையில் எடுத்துப் பார்த்தா. "நாப்பது வருசமாய் உடுப்புத் தோய்க்கிறன்" என்று தனக்குத்தானே சொன்னா. பிறகு லாண்ட்மாஸ்ரரில் ஏறிச் சீமெந்துப் பைக்கு மேலேயே இருந்துகொண்டு, "எடு தம்பி வண்டியை, வீட்டை போவம்" என்றா. மகளுக்குப் பக்கத்தில் இடமும் விட்டா.

மற்றவர்களின் சீமெந்து? அது தூணாகவும் படியாகவும் இறுகிப்போயிருந்தது. ஒருவரும் திருப்பிக் கேட்க முடியாது. பாலம்மா கேட்கவுமில்லை. அன்றைக்குப் பின்னேரமே சட்டி பானையோடு மண்டபத்துக்குள் வந்துவிட்டாள். "இந்த நெலத்துல பூசினது எங்க ஒம்பது மூட்ட. என் வீடு எந்திரிக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பேன். எவன் வந்து கேக்கிறான்னு பாப்போம்!" ஒருவனும் வரவில்லை.

மூன்று மாதம் போனது. யதுர்சிகாவின் வீட்டுக்குச் சுவர் எழும்பிக் கதவு நிலையும் வைத்தாயிற்று. பரு முழுதாய்ப் போகவில்லை, பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. கிளினிக்குக்கு இன்னும் போய் வருகிறாள். இப்போது தாயும் பஸ்ஸில் கூடப் போகிறா.

எல்லாம் நல்லபடியாய் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். போன வெள்ளிக்கிழமை காலையில் கடையைத் திறக்க வந்தேன். வாசலில் கிடந்த என் நீலக் கதிரைக்கு யாரோ குங்குமப் பொட்டு வைத்து, செவ்வரத்தம்பூ மாலை போட்டிருந்தார்கள். காலடியில் ஒரு கற்பூரம். இரண்டு பெண்கள் கும்பிட்டுக்கொண்டு வேறு நின்றார்கள். சாமியையே துரத்திய கதிரையாம்!

மாலையை எடுத்து ஆட்டுக்குப் போட்டேன். பொட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். பிறகு அவர்களுக்கு முன்னாலேயே அதில் ஏறி இருந்தேன்.

"அம்மாமாரே, கதிரை இருக்கிறதுக்கு. கும்பிடுறதுக்கில்லை. கழுத்துக்கு மேலை ஒண்டு வைச்சிருக்கிறியளே, அது பரு வாறதுக்கு மட்டும் இல்லை. அதையும் ஒருக்காப் பாவிச்சுப் பாருங்கோ!"