முகப்பு வீட்டின் முதல் சொல்

நிறைநாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே குறை என்று எதுவும் கிடையாது. தப்பித்தவறி யாராவது ஒன்றைச் சொல்லிவிட்டால், அதைப் பதிவேட்டில் எழுதிப் பூட்டி வைப்பதற்கென்றே ஒரு துறை இருந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலும் முறையாக நடந்தது. வேந்தர் ஒருவரே நிற்பார். கடும் போட்டிக்கிடையே வெல்வார்.

அப்படி ஒரு தேர்தல் முடிந்த மறுநாள் ஓர் ஆணை வந்தது. அறுபது கடந்தவர்கள் தங்கள் வீட்டை அரசிடம் ஒப்படைத்துவிட்டு, இளைப்பாறுபுரத்தில் தங்களுக்குப் பிடித்த வீட்டைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். விரும்பாதவர்கள் இருந்த வீட்டிலேயே இருக்கலாம் என்றும் ஆணையின் கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்தது. அந்த வரி வரைக்கும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

தவசியாவும் அவர் மனைவி மாடத்தியும் அந்த ஆணையைக் கேட்டுத்தான் கிளம்பினார்கள். தவசியா நில அளவைத் துறையில் நாற்பது வருஷம் சங்கிலி பிடித்தவர். பாதி நாட்டை நடந்தே அளந்த மனிதர், ஒரு சாண் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் கண் இரண்டும் போய்விட்டது. அதிலிருந்து மாடத்திதான் அவருக்குக் கண். தட்டை வைக்கும்போதே "சோறு நேரா, குழம்பு இடது பக்கம்" என்று சொல்லித்தான் வைப்பாள். அவர்கள் வீட்டுக்கும் கிணற்றுக்கும் வெகு தூரம். அவளால் இனிக் குடம் சுமக்க முடியாது. கிணறு பக்கத்தில் இருக்க வேண்டும், இருவரும் ஒன்றாக இருக்க வேண்டும். அவர்கள் கேட்டது இவ்வளவுதான்.

குடியமர்த்து அதிகாரி நயினார், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்றே கட்டிய முகப்பு வீட்டுக்கு அவர்களை அழைத்துப் போனார். வெள்ளையடித்த சுவர், வாசலில் பூக்கொடி, ஒரே அறையில் அடுத்தடுத்து இரண்டு கட்டில். அங்கே குடியிருந்த பேச்சியம்மை இருவருக்கும் மோர் கொடுத்துவிட்டு, கதவுக்கு மேலே பார்த்தபடி பேசினாள்.

"இங்கே தண்ணீர் இனிக்கிறது. காற்று குளிர்கிறது. நாங்கள் நிறைவாக இருக்கிறோம்."

மற்றத் தெருக்களில் பூச்சு காயவில்லை என்று நயினார் வரைபடத்தை விரித்தார். மாடத்தி மூன்றாம் தெருவில் ஒரு வீட்டின் மேல் விரலை வைத்தாள். கிணறு எத்தனை அடி தள்ளி இருக்கும் என்று தவசியா கேட்டார். குடிமகன் விரும்பும் அடி என்றார் நயினார். தவசியாவுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று.

வெளியே வந்ததும் அவர் மனைவியிடம் மெல்லச் சொன்னார்: "அந்தம்மா நம்மள வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலையே."

"நானும் பாத்தேன். நல்ல வீடு கெடச்ச மிதப்பு. வேறென்ன?" என்றாள் மாடத்தி.

அந்த நாட்டு வழக்கம் அப்படி. சண்டை போட வந்தவனாக இருந்தாலும் வாசலேறிவிட்டால் 'வாங்க' என்று சொல்லி உட்கார வைத்துவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவார்கள். எனவே அது இருவருக்கும் உறுத்தியது. ஆனாலும் பழைய வீட்டை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். குறை ஏதேனும் உண்டா என்று நயினார் விதிப்படி கேட்டபோது, அளவு தப்பாத தவசியா, பேச்சியம்மை வாங்க என்று கேட்காததையும் சொன்னார். நயினார் எழுதிக்கொண்டார். பூட்டி வைக்க வேண்டியிராத ஒரு குறை அவருக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

மூட்டை முடிச்சோடு வந்து பார்த்தால் மூன்றாம் தெருவில் நான்கு முளைக்குச்சிகளும் சுண்ணாம்புக் கோடும் இருந்தன.

"வரைபடத்தில் உள்ளது யாவும் உள்ளதே எனச் சென்ற திங்கள் ஆணையாகிவிட்டது. ஆகவே வீடு இருக்கிறது. சுவர்கள் மட்டுமே வர வேண்டியிருக்கிறது" என்றார் நயினார்.

சுவர்கள் வரும்வரை ஆண்கள் ஒரு கொட்டகையிலும் பெண்கள் ஒரு கொட்டகையிலும் இருக்க வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்திருந்தால் பேசிக்கொள்கிறார்கள், பேசினால் பழைய வீட்டையும் புதிய வீட்டையும் ஒப்பிடுகிறார்கள் என்பதால், இருவரும் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும் என்று அடுத்த ஆணை வந்தது. ஊருக்குப் போக வேண்டும் என்று சிலர் அழுதார்கள். ஒப்படைத்த வீடு இல்லாத வீடு, இல்லாததைக் கேட்பது மனநோய் என்று அதற்கடுத்த ஆணை வந்தது. பிறகு யாரும் அழவில்லை.

ஆண்கள் கொட்டகையில் தவசியா தட்டைத் தேடித் தடவி, குழம்பைக் கவிழ்த்து, வெறும் சோற்றைத் தின்கிறார் என்று தண்ணீர் ஊற்றுகிறவள் ஒருநாள் சொன்னாள். மாடத்திக்கு அன்று ஒரு வாய் இறங்கவில்லை. அவளுக்குப் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவள் பேச்சியம்மை.

"ஏன் தாயி, நான் ஒங்கள வாங்கன்னு கேக்கலையே. நீங்க கவனிக்கலையா?" என்று கேட்டாள்.

"கவனிச்சோம்க்கா."

"பெறகும் ஏன் வந்தீங்க?"

மாடத்தி பாயில் எழுந்து உட்கார்ந்தாள். அதை அதிகாரியிடம் குறையாகச் சொன்னதையும் மறைக்காமல் சொன்னாள். பேச்சியம்மை திட்டவில்லை. திட்டியிருந்தால் மாடத்திக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"கதவுக்கு மேல ஒரு பலகை இருக்கும். அதுல உள்ளதத்தான் சொல்லணும். அந்த ஒரு வார்த்த அதுல இல்ல. அதான் நான் சொல்லாம இருந்தேன். அத வச்சே புரிஞ்சுக்கிட்டு நாலு குடும்பம் திரும்பிப் போயிருக்கு" என்றாள் பேச்சியம்மை.

மறுவாரம் நயினார் வந்தார். வரவேற்பில் குறை வைத்தவர்களை அப்புறப்படுத்தியதால் முகப்பு வீடு காலியாக இருக்கிறது. குறையைக் கண்டுபிடித்தவர்களுக்கே அங்கே முன்னுரிமை. கணவனும் மனைவியும் ஒன்றாக இருக்கலாம். பார்க்க வருகிறவர்கள் கையெழுத்துப் போடாமல் போனால் மட்டும் மறுபடி கொட்டகை. அவர் முடிப்பதற்குள் மாடத்தி சரி என்றாள். அவளைப் பழிக்க எனக்கு வாய் வரவில்லை. பேச்சியம்மை பாயில் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

முகப்பு வீட்டில் தவசியா சுவரைத் தடவிக் கட்டிலைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்.

"பலகையில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

மாடத்தி படித்தாள். தண்ணீர், காற்று, நிறைவு எல்லாம் பழையபடி இருந்தன. அவற்றுக்கு மேலே சிவப்பு மையில் புதிதாக ஒரு வரி இருந்தது: 'முதற்கண் வாங்க என்று சொல்லவும்.'

"அப்ப நான் சொன்ன கொறய தீத்துட்டாங்க" என்றார் தவசியா. நிறைநாட்டு வரலாற்றில் முதன்முறையாகக் குடிமகன் ஒருவனின் குறை தீர்க்கப்பட்டதற்காகத் தலைநகரில் மூன்று நாள் கொண்டாடினார்கள்.

நான்காம் நாள் ஒரு தம்பதி வந்தார்கள். கிழவர் காலை இழுத்து இழுத்து நடந்தார். மனைவி அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தாள். பின்னால் நயினார் பதிவேட்டோடு நின்றார். மாடத்தி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். கட்டிலில் இருந்த தவசியாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள்.

"வாங்க," என்றாள். "வாங்க, வாங்க."

வந்தவள் முகம் மலர்ந்துபோயிற்று. "எப்படி வாய் நெறயக் கேக்காங்க பாருங்க" என்று புருஷனிடம் சொன்னாள். தண்ணீர் இனிப்பதையும் காற்று குளிர்வதையும் அவர்கள் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டார்கள். குறை உண்டா என்று நயினார் கேட்டதற்கு, "ஒரு கொறயும் இல்லய்யா" என்றார் கிழவர்.

அன்று மத்தியானம் மாடத்தி தட்டை வைத்து, "சோறு நேரா" என்று தொடங்கினாள். தவசியா கையால் தடுத்துவிட்டு, தானே தடவிச் சாப்பிட்டார்.

அடுத்த தேர்தலில் வாக்குச்சாவடி வாசல்களில் எல்லாம் அந்த ஒரு சொல்லைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். சனங்கள் முகம் மலர்ந்து உள்ளே போனார்கள்.