ஆடி மாதத்தில் மாப்பிள்ளை எங்கள் வீட்டில் இருந்தது பற்றி

விளாங்குடி, மதுரை
ஆடி 21

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி வெள்ளைத்துரை அவர்களுக்கு,

தங்கள் மகன் அருள்பாண்டிக்குப் பெண் கொடுத்த நல்லகாமன் வணங்கி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் முருகம்மாளும் மகள் தமிழ்வாணியும் சுகம். மேலூரில் தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமா என்று விசாரிக்க நேற்றிலிருந்து பதினோரு தடவை போன் போட்டேன். தாங்கள் எடுக்கவில்லை. முப்பத்துநாலு வருஷம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவன் நான். போனை எடுக்காதவர்கள்கூட வாசலில் கிடக்கிற கடிதத்தை எடுத்துவிடுவார்கள் என்று தெரியும். ஆகையால் இதை எழுதுகிறேன்.

நேற்றுக் காலை தாங்கள் போனை வைப்பதற்கு முன் கேட்ட கேள்வி, "ஆடி மாசத்துல மருமகனைக் கூப்பிட்டு வீட்டுல வச்சிருக்கீகளே, நீங்க முறை தெரிஞ்ச ஆளுதானா?" என்பது. கேள்வி நியாயமானது. வைகாசியில் கல்யாணம் முடிந்த பிள்ளைகளை ஆடியில் பிரித்து வைப்பதும், பெண் பிறந்த வீட்டில் இருப்பதும், பதினெட்டாம் பெருக்குக்கு மாப்பிள்ளையை அழைத்துக் கறிவிருந்து போட்டு அன்றே அனுப்பிவிடுவதும் எனக்கும் தெரிந்த வழக்கம்தான். இதில் முறைப்படி அழைத்தது ஒரு நாள். முறையில்லாமல் வந்தது எட்டு நாள். எட்டு நாளும் ஆபீஸ் போவதாகத் தங்களிடம் சொல்லிவிட்டு லீவு போட்டு வந்திருக்கிறார் என்பது தாங்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஞாயிறு தவிர தினமும் காலை பத்து மணிக்கு வந்தார், மாலை ஆறு மணிக்குக் கிளம்பினார். ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. அது மட்டுமல்ல, அவர் வந்தது எங்கள் மகளைப் பார்க்க அல்ல. கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தார். நான் இதைச் சொல்லும்போதுதான் தாங்கள் போனை வைத்தீர்கள்.

நடந்ததை முதலிலிருந்து எழுதிவிடுகிறேன். ஆடி எட்டாம் தேதி கூரியர்காரர் ஒரு பார்சல் கொண்டுவந்து கொடுத்தார். அனுப்பச் சொன்னவர் பெயர் அருள்பாண்டி, வாங்க வேண்டிய இடம் எங்கள் வீடு. நான் கையெழுத்துப் போட்டு வாங்கி, மாப்பிள்ளை ஆடிச் சீர் அனுப்பியிருக்கிறார் என்று மகளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டேன். அவள் நகத்தாலேயே டேப்பைக் கிழித்தாள். உள்ளே சேலையும் இல்லை, செயினும் இல்லை. ஒரு பச்சைப் பலகை, கருப்பு வண்டுகள் மாதிரி ஐம்பது அறுபது சில்லு, ஒரு பொட்டலம் திருகாணி, கடுகுப் பொட்டலம் மாதிரி சிவப்புப் பல்புகள். அவள் எல்லாவற்றையும் பழையபடி உள்ளே வைத்து மூடிவிட்டுத் துவைத்த துணியை எடுக்க மாடிக்குப் போனாள். நான் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். மறுநாள் காலை பத்து மணிக்கு வாசலில் நின்றார். மேலூர் வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருந்தால் தாங்கள் மாட்டுக் கொட்டத்தில் தூக்கிப் போட்டிருப்பீர்கள் என்பதால் எங்கள் முகவரியைக் கொடுத்ததாகச் சொன்னார். அதற்குமேல் நான் என்ன கேட்பது?

அது என்ன என்று தாங்கள் கேட்பீர்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டில் ஆட்கள் பெட்டியில் வரவழைத்து வீட்டில் உட்கார்ந்து கோத்துக்கொண்ட கம்ப்யூட்டராம். அதை அச்சு அசலாக அதேபோல இப்போது திரும்பச் செய்து விற்கிறார்கள். திரை கிடையாது, தட்டுவதற்குப் பொத்தான் பலகை கிடையாது. முன்பக்கம் ஒரு வரிசை சுவிட்சும் அதற்குமேல் ஒரு வரிசை சிவப்பு பல்பும்தான். சுவிட்சை மேலே தள்ளி, கீழே தள்ளி, அதற்குப் புரிகிற பாஷையில் ஒவ்வொரு சொல்லாக உள்ளே போட வேண்டும். இதைச் செய்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சேலம், திருநெல்வேலி, எல்லா இடத்திலிருந்தும் மாப்பிள்ளையின் போனுக்கு "எரிஞ்சிருச்சா?" என்று கேட்டுச் செய்தி வந்தபடி இருக்கும். முதல் தடவை முருகம்மாள் அதைப் படித்துவிட்டு எந்த வீடு எரிந்தது என்று பதறிவிட்டாள். பல்பு எரிந்ததா என்றுதான் அர்த்தம். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து பவதாரிணி என்று ஒரு பேராசிரியை தன்னுடைய மெஷினைக் குளித்த குழந்தையைப்போலத் துண்டில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்து எங்கள் கூடத்தில் வைத்து ஓட்டிக் காட்டினார். விளக்குகள் இடமிருந்து வலமாக ஓடின, பிறகு வலமிருந்து இடமாக ஓடின. முருகம்மாள் காப்பியைக் கொடுத்துவிட்டு, "இதால என்ன பிரயோசனம் டீச்சர்?" என்று கேட்டாள். அந்த அம்மா காப்பியை ஆற்றிக்கொண்டே, "ஒரு பிரயோசனமும் இல்லைங்க. அதனாலதான் நிம்மதியா இருக்கு" என்றார். முருகம்மாளுக்கு அவரை அப்போதே பிடித்துப்போய்விட்டது.

மாப்பிள்ளை கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, ஈயத்தை உருக்கிச் சாமான்களைப் பலகையில் ஒட்டுகிற பற்றவைப்பு வேலையைத் தொடங்கினார். முதல் நாள் வாடைக்கு முருகம்மாள் கேஸ் கசிகிறது என்று சிலிண்டரை மூடிவிட்டதில் மத்தியானச் சோறு பாதியில் நின்றது. இரண்டாம் நாள் ஜமுக்காளத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை விழுந்தது. மூன்றாம் நாள்தான் ஆடிக்காற்று வந்தது. அரிசி அளவுக்கு ரெசிஸ்டர் என்று ஒரு சாமான், அதில் இருநூறுக்குமேல் இருக்கும். ஒவ்வொன்றிலும் சின்னச் சின்ன வண்ண வளையம். எந்த வண்ணம் எந்த இடத்துக்கு என்று கணக்கு இருக்கிறது. மாப்பிள்ளை ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்து அளந்து ஆறு கிண்ணத்தில் பிரித்து வைத்திருந்தார். நான் காற்றுக்காக ஜன்னலைத் திறந்தேன். ஆறு கிண்ணமும் ஒன்றாகக் கவிழ்ந்தன. நாங்கள் நான்கு பேரும் தரையில் தவழ்ந்து பொறுக்கினோம். துவரம்பருப்பு முறத்திலிருந்து மட்டும் ஒன்பது கிடைத்தது. வண்டு என்று நினைத்து முருகம்மாள் எத்தனையை வெளியே வீசினாள் என்பது தெரியவில்லை. நான் செய்த தவறுக்குப் பரிகாரமாக நானே வண்ணம் பார்த்துப் பிரித்துத் தருகிறேன் என்று உட்கார்ந்து, "சிவப்பு எந்தக் கிண்ணம் மாப்ள?" என்று கேட்டேன். அவர் ஒரு கிண்ணத்தைக் காட்டினார். நான் போட்டேன். அவர் காட்டியது சரியான கிண்ணமா என்று பார்க்காமல் விட்டுவிட்டேன், அது என் பிழை.

ஆறாம் நாள் எல்லாவற்றையும் பற்றவைத்து முடித்து சுவிட்சைப் போட்டார். எல்லாப் பல்பும் ஒன்றாக எரிந்தது, அதோடு சரி. எந்த சுவிட்சைத் தள்ளினாலும் அசையவில்லை. அவர் அன்றும் ஏழாம் நாளும் பூதக்கண்ணாடி வைத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் "போதும் அத்தை" என்றார், தட்டில் சோறு போடுவதற்கு முன்பே.

சம்பந்தி, இதுவரை எழுதியதெல்லாம் உண்மை. ஆனால் முறை தெரிந்த ஆளாகிய நான் ஏன் முதல் நாளே அவரைத் திருப்பி அனுப்பவில்லை என்பதை எழுதவில்லை. எழுதவேண்டாம் என்று முருகம்மாள் சொன்னாள். எழுதுகிறேன். ஆடி இரண்டாம் தேதி, பிறந்த வீட்டுக்கு வந்த மறுநாள் சாயங்காலம், தமிழ்வாணி அவள் அம்மாவிடம் இனி மேலூருக்குப் போகப்போவதில்லை என்று சொன்னாள். தங்களைப் பற்றியோ சம்பந்தியம்மாவைப் பற்றியோ ஒரு குறையும் சொல்லவில்லை. அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம் என்றாள். கல்யாணமான முதல் வாரம் கோயிலுக்குப் போக அரக்குச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, இந்தப் பச்சை உனக்கு நல்லா இருக்கு என்றாராம். அவள் பேசாமல் இருந்திருக்கிறாள். அதன் பிறகு அவரும் எதைப் பற்றியும் நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று சொல்லவே இல்லை. "என்னைய அவர் பார்க்கவே இல்லம்மா. சும்மா ஏதோ சொல்லிட்டுப் போறாரு" என்று அழாமல்தான் சொன்னாளாம். அழுதிருந்தால் எங்களுக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும். இந்த நிலைமையில், கம்ப்யூட்டருக்காகவோ எதற்காகவோ, மாப்பிள்ளை தினமும் என் வாசல்படி ஏறுகிறார் என்றால் ஆடி என்று சொல்லித் தடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இருந்தாலும் முறைக்காக இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு நானே உட்கார்ந்திருந்தேன். அப்படி உட்கார்ந்ததில் எனக்கு முதுகுவலி வந்ததுதான் மிச்சம். நான் இல்லாவிட்டாலும் அவர்கள் பேசியிருக்கப்போவதில்லை.

எட்டாம் நாள் நான் மருந்துக்கடைக்குப் போய் முதுகுக்குத் தைலம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். தமிழ்வாணி என் நாற்காலியில் உட்கார்ந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன் அவள் ரவிக்கைக்கு ஆரி வேலைப்பாடு செய்துகொண்டிருந்தவள் என்பது தங்களுக்குத் தெரியும், ஆறு வகைச் சிவப்பு நூலைப் பேர் சொல்லிப் பிரிக்கக்கூடியவள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"இது அரக்கு. இது பச்சை. ரெண்டையும் ஒரே வரிசையில வச்சிருக்கீங்க" என்றாள். அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். "தெரியலையா?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றார்.

"எம்புட்டு நாளா?"

"பொறந்ததுல இருந்து."

அவள் பலகையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப அந்தச் சேலை?" என்றாள். அவர், "பச்சைன்னுதான் நெனச்சேன். நல்லா இருந்துச்சு, அதான் சொன்னேன்" என்றார்.

சம்பந்தி, மாப்பிள்ளைக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியுமாம். மீட்டரில் அளந்து அளந்து பிரித்ததும் அதனால்தான். நான் எல்லார் எதிரிலும் வண்ணம் கேட்டதும், சொல்லக் கூச்சப்பட்டு ஏதோ ஒரு கிண்ணத்தைக் காட்டிவிட்டார். நான்கு வருஷத்துக்கு முன்னால் ரயில் ஓட்டுகிற வேலைக்குப் பரீட்சை எழுதச் சொல்லித் தாங்கள் விண்ணப்பப் பாரம் வாங்கிக் கொடுத்தீர்கள், இஷ்டமில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார், தாங்கள் ஆறு மாதம் அவரோடு பேசவில்லை என்று கல்யாணப் பேச்சின்போது தாங்களே என்னிடம் வருத்தப்பட்டீர்கள். அவருக்கு இஷ்டம் இருந்தது. சிக்னலில் எது சிவப்பு, எது பச்சை என்று தெரியாது. அதைத் தங்களிடம் சொல்வதைவிட இஷ்டமில்லை என்று சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. இதைத் தங்களிடம் சொல்லச் சொல்லி அவர் என்னிடம் கேட்கவில்லை. சொல்லக்கூடாது என்றும் கேட்கவில்லை. ஒரு தகப்பனுக்கு இன்னொரு தகப்பன் எழுதாமல் யார் எழுதுவது?

அன்று மத்தியானம் முழுவதும் அவள் வண்ணம் சொன்னாள், அவர் பிடுங்கி எடுத்து மாற்றிப் பற்றவைத்தார். நாலு மணிக்கு மெஷின் அசைந்தது. இரண்டையும் மூன்றையும் கூட்டச் சொல்லி அவர் இருபத்துநாலு தடவை சுவிட்சுகளை மாற்றி மாற்றித் தள்ளினார். விடையாக ஒரு பல்பு எரிந்தது, பக்கத்துப் பல்பு அணைந்திருந்தது, அதற்கடுத்தது எரிந்தது. ஒன்றுக்கு ஒரு பல்பு, நாலுக்கு ஒரு பல்பு, ஆக ஐந்து என்று அர்த்தமாம். முருகம்மாள் எண்ணிப் பார்த்துவிட்டு, ரெண்டு பல்புதானே எரியுது என்றாள். யாரும் அவளுக்கு விளக்கம் சொல்லும் நிலையில் இல்லை. அவள் அந்த வெறுப்பில் போய்ச் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டாள். வீட்டுக் கரண்டு ஒரு துடி துடித்தது, மெஷின் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. திரும்ப இருபத்துநாலு தடவை. இந்தத் தடவை தமிழ்வாணி தள்ளினாள். அவரைவிட வேகமாகத் தள்ளினாள். மறுநாள் பதினெட்டாம் பெருக்கு. இரண்டு பேரும் மெஷினை விட்டு எழுந்து வராததால் கறிக்குழம்பு ஆறிப்போய் மூன்று தடவை சூடு பண்ணினோம்.

நடந்தது இவ்வளவுதான். முறை தவறியதற்கு என்னை மன்னிக்க வேண்டும். தாங்கள் கோபித்துக்கொண்ட பிறகு நேற்றே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு ஆவணி பிறக்கும்வரை இந்தப் பக்கம் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மெஷினைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். ஆடி முடிகிறவரை இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள், இது என் வாக்கு. ஆவணி முதல் முகூர்த்தத்தில் நாங்களே மகளை மேலூரில் கொண்டுவந்து விடவேண்டும். அவள் வருவாளா என்று அவளிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு முருகம்மாளின் விசாரிப்புகள். மாடு கன்று ஈன்றதாகக் கேள்வி, சந்தோஷம். தங்கள் குடும்பத்துக்குக் குலசாமி துணை நிற்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை மறுபடி எதிர்பார்க்கும்
நல்லகாமன்

பின்குறிப்பு: ஆடி 22, ஞாயிறு. மேலே கொடுத்த வாக்கு ஒரு ராத்திரி தாங்கியது. இன்று காலை ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை பைக்கில் வந்து நின்றார். நான் கேட்டை மறித்து நின்றேன். என் பின்னாலிருந்து தமிழ்வாணி ஒரு தோளில் துணிப்பையும் இடுப்பில் அந்தப் பெட்டியுமாக வந்தாள். பரணில் ஏறி அதை யார் இறக்கிக் கொடுத்தது என்று முருகம்மாளைக் கேட்டேன், அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். ஆடி முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறதே என்று மகளிடம் சொன்னேன். "இருக்கட்டும்ப்பா. எங்க வீட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்றாள். நான் கேட்டைத் திறந்துவிட்டேன். மாப்பிள்ளை வண்டியைக் கிளப்புவதற்கு முன் என்னைத் தனியே அழைத்து, கண் விஷயத்தை இன்றைக்கு அப்பாவிடம் தானே சொல்லப்போவதாகவும், அவர் காதுக்கு அது தன் வாயால்தான் போகவேண்டும், மாமா யாரிடமும் சொல்லிவிடக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். சரி மாப்ள என்றேன். இந்தக் கடிதம் அப்போது ஒட்டி ஸ்டாம்பு வைத்து என் சட்டைப் பையில் இருந்தது. போடாமல் இருந்துவிடலாம், ஆனால் மன்னிப்புக் கேட்டு எழுதியதைப் போடாமல் வைத்துக்கொள்வது முறையில்லை. அதனால் உறையைப் பிரித்து இதைச் சேர்த்திருக்கிறேன். அவர்கள் இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருப்பார்கள். ஒருவேளை இது கைக்குக் கிடைக்கிற நேரம்வரை அவர் இன்னும் சொல்லத் தொடங்கவில்லை என்றால், தயவுசெய்து அவசரப்படுத்த வேண்டாம். எத்தனை நாள் எடுத்துக்கொண்டாலும் சரி, அவர் சொல்லி முடிக்கிறவரை தாங்கள் எதையும் படிக்காதவர், நான் எதையும் எழுதாதவன்.